மூடிய அறையின் மூச்சுக் கணக்கு

படுக்கையறைக்கு ஏ.சி. வந்ததும் பல வீடுகளில் நடக்கும் முதல் வேலை, ஜன்னலுக்கு மேலுள்ள வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைப்பது. குளிர் வெளியே போகக் கூடாது, கரன்ட் பில் ஏறக் கூடாது. நியாயம்தான். ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அங்கேயே விடுகிறது. வெளிக்காற்றைத் துளியும் கொண்டுவருவதில்லை. 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே இருப்பது சுமார் 34 கன மீட்டர் காற்று. தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். இருவர் படுத்த அறையில் இண்டு இடுக்கே இல்லையென்றால், அந்த வாயுவின் அளவு மணிக்கு 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் 700 பங்கு) வீதம் ஏறும். பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால், வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் அளவோடு சேர்ந்து பதினொன்றுக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இந்த ஏற்றத்தைக் கண்முன் காட்டுவதுதான் அரானெட்4 ஹோம். லாட்வியாவின் எஸ்ஏஎஃப் டெக்னிகா நிறுவனத்தின் தயாரிப்பு. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி; மின்தாள் திரை; இரண்டு ஏஏ பேட்டரி. கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் ஆகிய நான்கை மட்டும் அளக்கிறது. ஆயிரம் வரை பச்சை, 1,400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. திரையில் வெளிச்சம் இல்லாததால் இரவில் கண்ணை உறுத்தாது. அதே காரணத்தால் இருட்டில் படிக்கவும் முடியாது. மறுநாள் காலை புளூடூத் வழியே போன் செயலியில் இரவின் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிரம் என்ற எல்லை இன்று நேற்று வந்ததல்ல. மியூனிக்கின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே அதைச் சொன்னார். அந்த அளவு வாயு விஷம் என்பதற்காக அல்ல. மனிதர் வெளிவிட்ட மூச்சு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

மலிவான கருவிகள் பல இங்கேதான் ஏமாற்றுகின்றன. வேறு வாயுக்களை மோப்பம் பிடித்து, கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுகின்றன. சோதிப்பது எளிது: கையில் சானிடைசர் தடவி அருகே கொண்டுபோனால் அவற்றின் எண் எகிறும். அரானெட் அசையாது. கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டே அது அளக்கிறது. இந்த நேர்மைக்குத்தான் இருநூறு டாலருக்கு அக்கம்பக்கமான விலை.

கருவி தன் முழுப் பயனையும் காட்டுவது ஜெர்மனியின் 'பாசிவ் ஹவுஸ்' வகை வீடுகளில். முதல் வீடு டார்ம்ஸ்டாட் நகரில் 1991-ல் குடியேற்றம் கண்டது. 50 பாஸ்கல் அழுத்தச் சோதனையில் வீட்டின் கொள்ளளவில் மணிக்கு 0.6 மடங்குக்கு மேல் காற்று கசியக் கூடாது என்பது இவ்வகை வீட்டுக்கான விதி. அவ்வளவு இறுக்கமான வீட்டில், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் புதுக்காற்று வந்தால் படுக்கையறை எண் 800 சொச்சத்தில் நிற்க வேண்டும். வாரக்கணக்கில் அது மெல்ல ஏறினால் இயந்திரத்தின் வடிகட்டி அடைத்திருக்கலாம்.

நம் ஊரில் அந்த இயந்திரம் இல்லை, ஜன்னல்தான் உண்டு. 2018-ல் வந்த இந்தியாவின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' எரிசக்தி விதிகள், சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கின்றன. ஆறில் ஒரு பங்கு! கட்டும்போது இருப்பது, ஏ.சி. வந்தபின் இல்லாமல் போகிறது. குளியலறைக் கதவைச் சற்றுத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் எண் இறங்குவதைப் பார்க்கலாம். கூடவே வெளிப் புழுக்கமும் வரும், ஏ.சி.க்கு வேலையும் கூடும். ஈரப்பதமும் அதே திரையில் தெரிவதால் எவ்வளவு நேரம் போதும் என்று அவரவரே முடிவு செய்யலாம்.

ஒரு குறை பெரிது. தூசி, புகை எதுவும் இதற்குத் தெரியாது. கொசுவர்த்திப் புகை சூழ்ந்த அறையிலும் பச்சை காட்டும். போகியன்று விடிகாலை சென்னையில் இந்த எண்ணை நம்பி ஜன்னலைத் திறப்பது ஆபத்து, பிஎம் 2.5 அளக்க வேறு கருவி வேண்டும். தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியிலும் கவனம் தேவை. எப்போதும் மூடிய அறையில், அங்கு கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்றாக அது எடுத்துக்கொள்ளும். கைமுறைத் திருத்தமே மேல். கருவியை மொட்டை மாடியில், வெயில் படாமல் வைத்துச் செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்துக்கு இது அதிகச் செலவு. அடுக்ககச் சங்கம் ஒன்று வாங்கி, வீட்டுக்கு ஒரு வாரம் எனச் சுற்றுக்கு விடலாம். எந்தக் கதவு எவ்வளவு திறந்தால் போதும் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் தாராளம்.