ஒரு சாண் மலை

மாடல் ரயில் செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்டவாளம் போடுவதும் ஒயரிங் செய்வதும் கொண்டாட்டம், ஜல்லி ஒட்டுவதும் மரம் செய்வதும் திண்டாட்டம் என்பார்கள். எத்தனையோ லேஅவுட்டுகள் வெறும் பிளைவுட்டாகவே நின்றுபோவதும் இந்தக் கட்டத்தில்தான். நான் அடித்துச் சொல்கிறேன்: இந்தப் பொழுதுபோக்கின் உச்சமே அந்தத் திண்டாட்டத்தில்தான் இருக்கிறது! முழு மலையையும் மறந்துவிட்டு, ஒரு சாண் நிலத்தை மட்டும் கடைசிப் புல்வரை முடித்துப் பாருங்கள், தெரியும்.

நான் செய்வது நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கி.மீ. 1:87 அளவுக்குச் சுருக்கினாலும் அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். அதனால் ஹில்குரோவ் நிலையத்தோடு நிறுத்திக்கொண்டேன். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே, நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம். பாறை, காடு, குரங்குக் கூட்டம். வேறென்ன வேண்டும்!

அட்டையில் ஒரு சாண் சதுரமாக ஜன்னல் வெட்டி லேஅவுட்டின் மேல் வைத்துவிடுவேன். அதற்குள் தெரிவது மட்டும்தான் அன்றைய உலகம். முதலில் ஜல்லி. இந்த அளவில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் அகலம் 12 மி.மீ.தான். அதிலும் நட்டநடுவே, எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்கான பற்சட்டம் ஓடுகிறது. சலித்த கல்தூளைத் தூவி, மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லீப்பர் மேல் ஒரு மணிகூட இல்லாமல் ஒதுக்க வேண்டும். பிறகு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரைப் புகைபோலத் தெளித்து நனைத்துவிட்டு, சரிபாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலை டிராப்பரால் விட வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், பசை கல்லை உருட்டாமல் அடிவரை இறங்குகிறது. வெள்ளைச் சொட்டு கற்களுக்கு நடுவே பரவி மறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மறுநாள் விரலால் தடவினால் ஒரு கல் அசையாது. ஆஹா, அந்தச் சுகம்!

அடுத்து மரம். பழைய ஒயரை உரித்துச் செம்புக் கம்பிகளை முறுக்கி, கிளை கிளையாகப் பிரித்து, மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்துப் பட்டை பூச வேண்டும். பச்சைப் பெயிண்டில் தோய்த்துக் காயவைத்த ஸ்பாஞ்சை மிக்ஸியில் அடித்தால் இலை தயார். முன்வரிசை மரங்களுக்கு மட்டும் இத்தனை சிரத்தை போதும். பின்னால் இருப்பவை வெறும் பச்சைக் கொத்துகளாக இருந்தாலே காடு அடர்ந்துவிடும்.

இந்த வேலை கண்ணையே மாற்றிவிடுகிறது. மரத்தண்டு பெரும்பாலும் பழுப்பே இல்லை, சாம்பல் நிறம். பாறையில் நீர் வடியும் தடம் மட்டும் கறுப்பு. இப்போதெல்லாம் மலை ரயிலில் ஏறினால், ஒவ்வொரு வளைவிலும் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தவித்துப்போகிறேன்.

இதற்கெல்லாம் பொறுமைக்கு எங்கே போவது என்கிறீர்களா? இங்கிலாந்தில் பெண்டன் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ராய் இங்கிலண்ட் என்பவர் தொடங்கியது. 1930களின் கிராமப்புறத்தை வீடு வீடாக, தோட்டம் தோட்டமாக மாடலில் வடிக்கிறார்கள். தொடங்கியவர் மறைந்தபின்னும் தன்னார்வலர்கள் கைகளில் அந்த வேலை தொடர்கிறது. அவர்களுக்கு மட்டும் பொறுமை பிறவிக் குணமா என்ன? முடிந்த ஒரு சாண் கண்முன்னே இருந்தால், அடுத்த சாணுக்கான பொறுமை தானாக வந்துவிடும். பொறுமை வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அட்டையில் ஒரு ஜன்னலை வெட்டுங்கள், போதும்!