கழுவிய பலகையில் மிஞ்சும் மை

லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படிப்பை முடித்து 1957-இல் சூடான் தலைநகர் கார்த்தூம் திரும்பிய இப்ராஹிம் எல்-சலாஹி, அங்குள்ள கிராண்ட் ஓட்டலில் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். தொடக்க நாளில் மரியாதைக்காக வந்தவர்கள் அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. லண்டனில் கற்றதெல்லாம் அந்தச் சுவரில் இருந்தது. வந்தவர்கள் தம்முடையதென்று கைகாட்ட அதில் ஒன்றும் இல்லை. தன் மக்கள் எதைக் கண்டால் நின்று பார்ப்பார்கள் என்று தேடி அவர் நாட்டைச் சுற்றினார். அந்தத் தேடல் அவரைச் சிறுவயதில் எழுதிப் பழகிய மரப்பலகையிடமே கொண்டுவந்து சேர்த்தது.

எல்-சலாஹி 1930-இல் ஓம்துர்மானில் பிறந்தவர். தந்தை வீட்டிலேயே குர்ஆன் பள்ளி நடத்தினார். அத்தகைய பள்ளிகளில் பிள்ளைகள் மரப்பலகையில் மையால் வசனத்தை எழுதுவார்கள். மனப்பாடம் ஆனதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதுவார்கள். ஒரு பகுதியை முடித்தால் அந்தப் பலகையைக் கோடும் வண்ணமுமாக அலங்கரிப்பது வழக்கம். எல்-சலாஹியின் கை முதலில் பழகியது இந்த வேலையில்தான். கார்த்தூம் ஏமாற்றத்துக்குப் பின் அவர் முதலில் ஓவியத்தின் மூலையில், தபால் தலை ஒட்டியதுபோல, சிறிதாக அரபி எழுத்துகளை எழுதிப் பார்த்தார். பிறகு அந்த எழுத்துகளை உடைத்தார். உடைந்த வளைவுகளிலிருந்து விலங்குகளும் செடிகளும் முகமூடிகளும் எழுந்து வந்தன. 1961 முதல் 1965 வரை அவர் வரைந்த, பால்யக் கனவின் ஒலிகளைத் தலைப்பிலேயே தாங்கிய பெரிய ஓவியம் இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. முகமூடி முகத்தோடு நீண்டு நிற்கும் அதன் உருவங்களில் எழுத்தின் வளைவைக் கண்ணால் பின்தொடரலாம்.

ஆப்பிரிக்காவில் பிறந்து அயல்நாட்டில் தூரிகை பிடித்தவர்களை வரிசையாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. இவர்களின் ஊர் ஏக்கத்தை ஊர்க்காட்சியில் தேடக் கூடாது. சூரியன் சாயும் சமவெளியை வெளியூர்க்காரரும் வரைந்துவிட முடியும். சிறுவயதில் கை தொட்ட பொருளில்தான், அந்தப் பொருள் கற்றுத்தந்த வேலைமுறையில்தான் இவர்களுடைய பால்யம் தங்கியிருக்கிறது.

இதை மிக அருகில் காட்டுபவர் இன்ஜிடேக்கா அகுன்யிலி கிராஸ்பி. 1983-இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தார். 1999-இல், பதினாறு வயதில், அமெரிக்கா சென்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்றார். இப்போது இருப்பது லாஸ் ஏஞ்சலிஸில். அவர் தீட்டும் அறைகள் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவை: மேசை, நாற்காலி, கட்டில், சன்னல். கிட்டே போனால் சுவரும் தரையும் ஆடையும் நூற்றுக்கணக்கான சின்னப் படங்களாகப் பிரிகின்றன. நைஜீரியப் பத்திரிகைப் பக்கங்கள், இசைத்தட்டு உறைகள், குடும்பக் கல்யாணப் படங்கள், அரசியல்வாதிகளின் முகங்கள். படத்தின் நகலைக் காகிதத்தின்மேல் குப்புற வைத்து, பின்புறம் அசிட்டோன் தடவித் தேய்த்தால் மை கீழே இறங்கும். முழுதாக இறங்காது, சாயம் மங்கி, ஆங்காங்கே விட்டுப்போன முகமாக வரும். பழைய முகங்கள் நம் நினைவுக்கு வருவதும் அப்படித்தானே!

பாட்டியின் கிராமத்தில் கழித்த விடுமுறைகளும் அவருடைய படங்களில் மண்ணெண்ணெய் விளக்காக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பாட்டி, தாய், சகோதரி என்று மூன்று தலைமுறையை ஒன்றாகச் சேர்த்த ஓவியத்தை 2014-இல் வரைந்தார். கல்யாணம், இறப்பு, தேர்தல் என எதுவானாலும் உரியவரின் முகத்தைத் துணியில் அச்சடித்து உடுத்துவது நைஜீரிய வழக்கம். போலி மருந்துகளுக்கு எதிராகப் போராடிப் பெயர்பெற்ற அவருடைய தாய் டோரா அகுன்யிலியின் முகம் பதிந்த துணியும் ஓவியங்களில் இடம்பெறுகிறது. 2013-இல் வரைந்த ஒரு தேநீர் மேசைக்கு அவர் வைத்த தலைப்பில் யேல் இருக்கும் ஊரின் பெயரான நியூ ஹேவனும் பிறந்த ஊர் எனுகுவும் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவே ஒரு காற்புள்ளி, அவ்வளவுதான் தூரம்.

நினைவு சேரும் முன்பே ஊரைவிட்டுப் போனவர்கள் என்ன செய்வார்கள்? லுபைனா ஹிமிட் 1954-இல் சான்சிபாரில் பிறந்து, நான்கு மாதக் குழந்தையாக இங்கிலாந்து சென்றவர்; 2017-இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு பெற்றார். கிழக்காப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும், ஓரக்கரையும் ஒரு வரி சுவாஹிலி வாசகமும் கொண்ட காங்கா துணி அவருடைய படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. நினைவில் இல்லாத ஊரைத் துணியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கிறார். நினைவோடு கிளம்பியவர்களும் ஒரு பொருளைப் பற்றிக்கொள்கிறார்கள். 1993-இல் ஜிம்பாப்வேயின் குட்டுவில் பிறந்த குட்சனாய்-வயலட் ஹ்வாமி, தென்னாப்பிரிக்கா வழியாக பிரிட்டன் வந்தவர். அவருக்குக் குடும்பப் புகைப்படங்களே மூலப்பொருள். நைரோபியில் பிறந்த மைக்கேல் ஆர்மிடேஜ் கேன்வாஸை விட்டுவிட்டு, உகாண்டாவில் மரப்பட்டையை அடித்துச் செய்யும் லுபுகோ துணியில் தீட்டுகிறார். அதன் ஓட்டைகளும் தையல்களும் ஓவியத்திலும் அப்படியே தெரிகின்றன.

இந்த ஓவியங்களுக்கு இன்று பெரும் சந்தை இருக்கிறது. 2018-இல் கிராஸ்பியின் ஓவியம் ஒன்று ஏலத்தில் முப்பது லட்சம் டாலரைத் தாண்டியது. வாங்குபவர் கண்ணுக்கு அந்தச் சின்னப் படங்கள் அழகான பூவேலையாக மட்டும் தெரியக்கூடும் என்பதே என் கவலை. எனுகுவில் வளர்ந்தவர் அதே இடத்தில் நின்று, இந்தப் பாடகரின் தட்டு எங்கள் வீட்டில் இருந்தது என்பார். 1957-இல் கிராண்ட் ஓட்டல் சுவர்களில் இல்லாமற்போனது இந்த அடையாளம் காணல்தான்.

எல்-சலாஹி 1975-இல் விசாரணையின்றி ஆறு மாதம் சிறையிலிருந்தார். கிடைத்த துண்டுக் காகிதங்களில் வரைந்து மணலில் புதைத்து வைத்தார். பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, கத்தாரில் இருந்து, ஆக்ஸ்போர்டில் குடியேறினார். சூடானில் குர்ஆன் பலகையைக் கழுவிய மைநீரைக் கொட்டிவிடுவதில்லை. நோய்க்கு மருந்தென்று குடிப்பவர்கள் உண்டு. பலகை வெறுமையாகிவிட்டாலும் எழுத்து உடம்புக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து அதைப் பறிமுதல் செய்ய எந்தச் சிறையாலும் எந்த எல்லையாலும் முடியவில்லை.