அரண்மனை வழியும் வாய்க்கால் வழியும்

ஸ்பெயின் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம் எழுத்தாளர்களின் பேனா அழத் தொடங்கிவிடுகிறது. குர்துபாப் பள்ளியின் தூண்கள், அல்ஹம்ராவின் சிங்க முற்றம், 1492-இல் கிரனாடாவை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்துக் கண்ணீர் உகுத்ததாகக் கதை கூறும் கடைசி சுல்தான் ஆகிய இம்மூன்றும் இன்றி அந்தலூஸ் பற்றிய கட்டுரை ஒன்றை நம்மவர் எழுதி நான் வாசித்ததில்லை. அண்மைக் காலத்தில் வசதி பெற்றோர் சிலர் அந்நாட்டுக்கு நேரிலேயே சென்று வந்து பயணக் கட்டுரைகளும் எழுதுகின்றனர். ஆர்வத்தோடு கையில் எடுக்கிறோம். அதே தூண்கள், அதே முற்றம், அதே கண்ணீர். பேருந்தில் ஏறி ஓர் அரண்மனையிலிருந்து மற்றோர் அரண்மனைக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் நாட்டைக் கண்ணாடிச் சன்னல் வழியே கூடப் பார்த்ததற்கு அடையாளம் இல்லை.

அந்த நடுநாட்டின் வழியே மிதிவண்டியில் செல்வோர் இன்று பெருகியிருக்கின்றனர். கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளின் தண்டவாளங்களை அகற்றி, அவ்வழிகளை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரியனவாக ஆக்கும் திட்டம் ஒன்றை ஸ்பானியர் 1993-இல் தொடங்கினர். 'பசுமை வழிகள்' என்பது அதன் பெயர். ஹாயென் மாநிலத்தில் ஒலிவ எண்ணெயைச் சுமந்து சென்ற ரயிலின் பழைய தடம் இப்போது 'எண்ணெய்ப் பசுமை வழி'. ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அம்மாநிலத்தில் மட்டும் ஒலிவ மரங்கள் ஆறு கோடிக்கு மேல் என்று கணக்கிடுகின்றனர். வலன்சியாவில் துரியா ஆற்றின் கரையோரமாகவும், அதற்குத் தெற்கே நெல்வயல் சூழ்ந்த அல்புஃபேரா ஏரிப் பக்கமாகவும் மிதிவண்டிக்காரர்கள் செல்கின்றனர். எண்ணெய்க்கு அவர்கள் சொல் 'அஸெய்த்தே'. அது நம் 'அஸ்ஸைத்து'. 'அல்புஃபேரா' என்பது 'அல்புஹைரா', அதாவது சிறு கடல்.

மிதிவண்டியை நான் ஈண்டு இழுத்து வருவது விளையாட்டுக்கு அன்று. வாகனத்தின் வேகம் எழுத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது. பேருந்தில் போகிறவனுக்கு வழிகாட்டி பேசுகிறான். மிதிவண்டியில் போகிறவன் தாகம் எடுத்தால் இறங்கி, தண்ணீர் எங்கே என்று உழவனைக் கேட்டாக வேண்டும். கேட்டவுடன் அந்நாட்டு உழவன் வாயில் வருவது அரபு. அவன் அதை அரபு என்று அறியமாட்டான் என்பது வேறு செய்தி.

மதறஸாவில் ஓதியவர்கள் இதனைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வாய்க்காலுக்கு ஸ்பானியச் சொல் 'அஸெக்கியா', அது 'அஸ்ஸாகியா'. ஆற்றில் சுழன்று நீர் இறைக்கும் சக்கரம் 'நோரியா', அது 'நாஊரா'. ஆற்றை மறித்து நீரைத் திருப்பும் சிற்றணை 'அஸூத்', அது 'அஸ்ஸுத்து'. நீர்த்தொட்டி 'அல்பெர்க்கா', அது 'அல்பிர்க்கா', நம் பள்ளிவாசல் ஹவுளுக்கு உறவு. மழைநீர் சேர்க்கும் நிலவறைத் தொட்டி 'அல்ஹீபே'; அது 'அல்ஜுப்பு'. யூசுப் நபி (அலை) அவர்களைச் சகோதரர்கள் இட்ட கிணற்றைக் குறிக்கும் அதே சொல். வாய்க்காலைக் கண்காணிப்பவனுக்குச் சில ஊர்களில் 'ஸபஸெக்கியா' என்று பெயர் இருந்தது. 'ஸாஹிபுஸ் ஸாகியா' என்பதன் தேய்வு அது. நம் பக்கத்தில் நீர்க்கட்டி என்போமே, அவனேதான்.

இவை யாவற்றினும் என்னை வியக்க வைத்தது 'தூலா' என்னும் சொல். ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு அது பெயர். அதன் மூலம் அரபியின் 'தௌலத்'. நம் வீடுகளில் தௌலத் என்றால் ஆட்சி, செல்வாக்கு, பாக்கியம் என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் வேர்ப்பொருள் கைமாறுதல், முறை சுற்றி வருதல் என்பதே. ஹஷ்ரு சூராவில் செல்வத்தின் சுழற்சியைக் குறித்து வருவதும் இவ்வேர்ச் சொல்தான். அந்தலூஸில் தௌலத் என்ற அரசு போயிற்று. 'தூலா' என்ற தண்ணீர் முறை நின்றது. போனதைப் பற்றி நூறு கட்டுரைகள் எழுதியாகிவிட்டது. நின்றதைப் பற்றி எழுதினார் யார்?

நின்றது எவ்வாறு நின்றது என்பதற்கு வலன்சியாவின் தண்ணீர் நீதிமன்றமே சான்று. வியாழக்கிழமை தோறும் நண்பகலில் அந்நகரின் பேராலய வாயிலில் அது கூடுகிறது. அந்த ஆலயம் எழுந்ததும் முன்னர் ஜாமிஆப் பள்ளி இருந்த இடத்தில்தான். எட்டு வாய்க்கால்களுக்கு எட்டு உறுப்பினர். எண்மரும் உழவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உழவர்கள். வழக்கறிஞர் இல்லை, எழுத்து வாதம் இல்லை, வாய்மொழியாகவே விசாரணை. ஆற்றின் வலக்கரை வாய்க்காலைச் சார்ந்தவன் மீது வழக்கென்றால் இடக்கரையார் தீர்ப்புக் கூறுவர். இடக்கரையான் என்றால் வலக்கரையார். இந்த மன்றத்தையும் மூர்சியாச் சமவெளியின் நல்லோர் மன்றத்தையும் 2009-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஃபிக்ஹு நூல்களில் 'ஷிர்பு' என்ற தலைப்பில் நீர்ப்பங்கீட்டுச் சட்டத்தை ஓதியவர்களுக்கு, மன்றம் நடைபெறும் முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இம்மன்றம் கி.பி. 960-இல் குர்துபா கலீஃபாக்கள் காலத்தில் தோன்றியது என்பது அவ்வூர் வழக்கு. 1960-இல் ஆயிரமாண்டு விழாவும் எடுத்தனர். அந்த ஆண்டை உறுதி செய்யும் ஆவணம் இல்லை என்பதே ஆய்வாளர் கருத்து. வாய்க்கால் வெட்டும் கலையை முஸ்லிம்களே அந்நாட்டுக்குக் கற்பித்தனர் என்று எழுதுவதும் மிகை. உரோமர் அவர்களுக்கு முன்பே வெட்டியிருந்தனர்; ஸெகோவியாவின் உரோம நீர்ப்பாலம் இன்றும் நிற்கிறது. மிதிவண்டிக்காரர்கள் விரும்பிச் செல்லும் காஸ்தீல் கால்வாய் 207 கிலோமீட்டர் நீளமுடையது. அது 1753 முதல் 1849 வரை வெட்டப்பட்டது. அதில் நமக்குப் பங்கில்லை. முஸ்லிம் உழவர்கள் பழையதைப் பழுது பார்த்தனர், புதியதைச் சேர்த்தனர், நீரைப் பங்கிடும் முறையை வகுத்தனர், கீழைநாட்டுப் பயிர்களைப் பரப்பினர். இதுவே போதும், இது சிறிய புகழ் அன்று. அரிசி என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே அரபியின் 'அருஸ்' பிறந்தது என்று மேடையில் முழங்குவோருக்கும் இதனையே கூறுவேன். அது வழக்குக்கு உட்பட்ட செய்தி. நாரத்தையின் கதையோ உறுதி மிக்கது. திராவிட மொழிகளின் அச்சொல் வடமொழிக்கும் பாரசீகத்துக்கும் அரபிக்கும் சென்று 'நாரஞ்ச்' ஆகி, ஸ்பெயினில் ஆரஞ்சுக்கு 'நரான்ஹா' என்று பெயராயிற்று.

நம் அழுகை இலக்கியத்துக்கு மூலம் அல்லாமா இக்பாலின் 'குர்துபாப் பள்ளி' என்பர். 1933-இல் அவர் அங்கே சென்று தொழுததன் விளைவாக எழுந்த கவிதை அது. 1935-இல் வெளியான தொகுப்பில் இடம் பெற்றது. கவிதையை ஊன்றி வாசித்தவர்கள் இப்பழியை அவர் மீது போடமாட்டார்கள். இறுதிப் பகுதியில் கவிஞர் பள்ளிக்குள் நிற்கவில்லை; வாதில் கபீர் ஆற்றங்கரைக்கு வந்துவிடுகிறார். அங்கே உழவன் மகளொருத்தியின் பாட்டு ஒரு கணம் கேட்கிறது. ஆற்றைப் பார்த்தவாறு அவர் நினைப்பதும் வரவிருக்கும் காலத்தையே. அவர் வழி நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் கட்டுரையாளர்கள் தூண்களையும் வளைவுகளையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த உழவன் மகளை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

மிதிவண்டிப் பயணிகளுக்காக எழுதப்படும் மேலைநாட்டு நூல்களும் குறையற்றவை அல்ல. நிழல் எங்கே, ஏற்றம் எங்கே, இரவு தங்குமிடம் எங்கே என்பதில் அவை காட்டும் நுட்பம் பாராட்டத்தக்கது. வாய்க்கால் வந்ததும் 'மூர்கள் வெட்டியது' என்று ஒரு தொடரில் முடித்துவிட்டு மேலே போய்விடுகின்றன. வெட்டியவர்களின் சந்ததியார் என்ன ஆனார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. 1609 செப்டம்பரில் வலன்சியாவில் பறையறையப்பட்ட ஆணை, முன்பே கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கப்பட்டிருந்த மொரிஸ்கோக்களை நாட்டை விட்டே வெளியேறச் சொன்னது. 1614-க்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். அந்த ஆணைக்குள் ஒரு விலக்கு இருந்தது: நூற்றுக்கு ஆறு குடும்பங்கள் தங்கலாம். எதற்காக? வீடுகளையும் கரும்பாலைகளையும் நெல் விளைச்சலையும் வாய்க்கால்களையும் பாதுகாத்து, புதிதாகக் குடியேறுவோர்க்கு வேலையைக் கற்றுக் கொடுப்பதற்காக! துரத்துகிறவனே துரத்தப்படுகிறவனின் கைத்திறனுக்குக் கொடுத்த நற்சான்று இது. அல்ஹம்ராவின் சுவர் எழுத்துகளைப் பெயர்த்தெழுதும் நம்மவர்களும் இந்த ஒரு வாசகத்தை எடுத்தாளக் கண்டேனில்லை.

இதை ஆயக்குடியில் இருந்துகொண்டு எழுதுகிறேன் என்பதால் ஒரு சொல். எங்கள் ஊர்க் கொய்யாச் சந்தையைப் பழனிப் பக்கம் அறியாதவர் இல்லை. கொய்யா அமெரிக்க மண்ணுக்குரியது. போர்த்துக்கேயர் காலத்தில் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தது. கரும்போ இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக அந்தலூஸ் சென்றது. கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493-இல், அதனைக் கானரித் தீவுகளிலிருந்து மேற்கே கொண்டு போனார். கரும்பு போன வழியும் கொய்யா வந்த வழியும் ஐபீரியக் கரையில் சந்திக்கின்றன. தோட்டத்துக் கொய்யாவைச் சைக்கிளில் வைத்துக் கட்டிச் சந்தைக்குக் கொண்டு வருகிறவரை நிறுத்தி இதைச் சொன்னால் நம்பமாட்டார்.

வரதமாநதி அணைத் தண்ணீர் எங்கள் பக்கத்துக் குளங்களுக்கு வருகிறது. சண்முகாநதி அமராவதியிலும், அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியிலும் கலக்கின்றன. மடை, மதகு, கலிங்கு, கமலை, முறைத் தண்ணீர் என்று இந்நீரைச் சூழ்ந்து எத்தனை சொற்கள்! கமலை ஓய்ந்துவிட்டது, மற்றவற்றின் பொருளையும் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் விழிக்கின்றனர். அப்பிள்ளைகளுக்கு அல்ஹம்ராவைப் பற்றிக் கட்டுரை எழுதத் தெரியும். பரிசும் பெறுகின்றனர். கிரனாடாப் பல்கலைக்கழகத்தார் 2014 முதல் தன்னார்வலரையும் உழவரையும் சேர்த்துக்கொண்டு ஸியர்ரா நெவாடா மலையில் தூர்ந்துபோன பழைய அஸெக்கியாக்களைத் தூர் வாரி மீண்டும் நீர் ஓடச் செய்து வருகின்றனர். அல்ஹம்ராவுக்குச் செல்லும் நம் பயணிகள் அதே மலையின் பனி முடியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர்.

பயண இலக்கியம் நமக்குப் புதிதன்று. இப்னு பதூதா 1340-களில் மஃபர் நாட்டுக்கு வந்து மதுரையையும் கண்டவர். சில ஆண்டுகள் கழித்துக் கிரனாடாவுக்கும் சென்றார். நம் மண்ணையும் அந்த மண்ணையும் ஒருசேரக் கண்டு எழுதியவர் அவர். மதுரையில் அரண்மனையையும் போரையும் கொடுமையையும் எழுதியவர், கிரனாடாவைச் சொல்லும்போது ஷனீல் ஆற்றையும், நாற்பது மைல் சுற்றளவுக்குப் பரந்த தோட்டங்களையும் ஓடைகளையும் முதலில் சொல்கிறார். அங்கே குடியேறி வாழ்ந்த கீழைநாட்டு ஃபகீர்கள் சிலரையும் குறிப்பிடுகிறார்: ஸமர்கந்து, தப்ரேஸ், கூனியா, குராஸான் ஊரினர், அவர்களோடு இந்தியாவைச் சேர்ந்த இருவர். அவர்கள் கிரனாடாவில் தங்கிவிட்டதற்கு அவர் கூறும் காரணம், அந்நிலம் தங்கள் நாட்டை ஒத்திருந்தது என்பதே.