பூச்சியுண்ணிகளின் மூளை: ஸ்டெபான் குழுவினரின் நூல் குறித்த மதிப்பீடு

ஹைன்ஸ் ஸ்டெபான், ஜார்ஜ் பாரன், ஹைக்கோ ஃபிராம் ஆகியோர் பூச்சியுண்ணிகளின் மூளை பற்றி எழுதிய நூலை 1991-இல் ஸ்பிரிங்கர் வெளியிட்டது. பாலூட்டிகளின் மூளையை ஒப்பிடும் வரிசையில் இது முதல் தொகுதி. முள்ளெலி, மூஞ்சூறு, அகழெலி, டென்ரெக் ஆகியவற்றின் மூளைகளை மெல்லிய சீவல்களாக வெட்டி, நுகர்குமிழ், சிறுமூளை, புதுப்புறணி என்று பகுதி பகுதியாகக் கன அளவு கண்டிருக்கிறார்கள். சுமார் 2 கிராம் எடையுள்ள எட்ருஸ்கன் மூஞ்சூறின் மூளையையும் இப்படி அளந்தது சாதாரண உழைப்பன்று.

அளவீடுகளில் குறை சொல்வது கடினம். சிக்கல் அவற்றுக்குத் தரப்பட்ட விளக்கத்தில் உள்ளது. 1960-களில் ஸ்டெபான் சில இனங்களை 'அடிப்படைப் பூச்சியுண்ணிகள்' என்று தேர்ந்தெடுத்தார். உடல் எடை வேறுபாட்டைக் கழித்தபின் அவற்றின் சராசரியை 1 என வைத்து, பிற விலங்குகளின் மூளைப் பகுதிகள் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார். மனிதனின் புதுப்புறணிக்கு 156 கிடைத்தது. இதற்கு அவர் இட்ட பெயர் 'முன்னேற்றக் குறியீடு'. பெயரே முடிவையும் சொல்லிவிடுகிறது!

இன்று வாழும் டென்ரெக் எவருடைய மூதாதையும் அன்று. அதன் கால்வழியும் மனிதனுடையதைப் போல அத்தனை காலம் பரிணமித்ததே. 1998-இல் வந்த மரபணு ஆய்வுகள் டென்ரெக்கையும் பொன் அகழெலியையும் யானை, கடற்பசு அடங்கிய ஆப்பிரிக்கக் கிளையில் சேர்த்தன. முள்ளெலியும் மூஞ்சூறும் நாய், குதிரை, வௌவால் உள்ள கிளையைச் சேர்ந்தவை. ஆகவே 'அடிப்படை' என்ற தொகுப்பு ஓர் இயற்கைக் குழுவே அன்று. இம்முடிவு 1991-இல் தெரிய வழியில்லை என்பது உண்மை. ஆனால் வாழும் விலங்குகளை ஏணிப்படிகளாக அடுக்குவதை ஹோடோஸ், கேம்பெல் இருவரும் 1969-லேயே கண்டித்திருந்தனர்.

கன அளவு மட்டும் பார்ப்பதால் தவறிப்போவதும் உண்டு. நட்சத்திர மூக்கு அகழெலியின் மூக்கில் 22 தொடு கிளைகள் உள்ளன. அவற்றில் ஒரு பக்கத்து 11 கிளைகளுக்கும் எதிர்ப்பக்க மூளைப் புறணியில் தனித்தனிப் பட்டைகள் இருப்பதைக் கென்னத் கட்டானியா காட்டினார். அளவில் சிறிய பதினோராவது கிளைக்கே அங்கு மிகப் பெரிய இடம். கன அளவு அட்டவணையில் இது தெரியாது.

பருவமும் கணக்கில் சேரவேண்டும். ஐரோப்பிய மூஞ்சூறின் மண்டையோடு குளிர்காலத்தில் சுருங்கி வசந்தத்தில் மீண்டும் வளர்வதை ஆகஸ்ட் டேனல் 1949-இல் விவரித்தார். மூளையும் உடன் சுருங்குகிறது. எந்த மாதத்தில் பிடிபட்டது என்று தெரியாத ஒரு மூஞ்சூறை அதன் இனத்துக்கே அளவாகக் கொள்ள முடியாது.

ராபின் டன்பார் 1992-இல் குரங்குக் கூட்டங்களின் அளவைப் புதுப்புறணியோடு ஒப்பிட்டபோது பயன்படுத்தியவை இக்குழு 1981-இல் வெளியிட்ட கன அளவுகளே. இந்நூலை எடுக்கும் மாணவரும் கன அளவுப் பத்திகளை எடுத்துக்கொண்டு, குறியீட்டுப் பத்திகளை விட்டுவிடலாம்.