பிலிம் இல்லாத படப்பிடிப்பு

1920-களின் தொடக்கத்தில் மாஸ்கோ திரைப்படப் பள்ளியில் லெவ் குலேஷோவின் மாணவர்களுக்குக் கொள்ளை ஆர்வம் இருந்தது; பிலிம்தான் இல்லை. உள்நாட்டுப் போர்க்காலத் தட்டுப்பாடு. அதற்காகச் சும்மா உட்காரவில்லை. ஷாட் ஷாட்டாகத் திட்டமிட்ட காட்சிகளை மேடையில் நடித்துப் பார்த்தார்கள். ‘பிலிம் இல்லாப் படங்கள்’ என்று அதற்குப் பெயர். அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்தார்கள். செல்பேசியில் மணிக்கணக்காக எடுத்துத் தள்ளிவிட்டு, எடிட்டிங்கில் விழிக்கும் இன்றைய குறும்பட மாணவர்களுக்கும் ஒரு வாரம் கேமரா கொடுக்காமல் இருந்து பார்க்கலாம்!

குலேஷோவின் அந்த மாணவர் பட்டறை 1924-இல் எடுத்த நகைச்சுவைப் படம் ‘மிஸ்டர் வெஸ்ட்’. (முழுப் பெயர் ரயில் நீளம்.) சோவியத் நாட்டைப் பற்றிப் பயந்துகொண்டே வரும் அமெரிக்கரை மோசடிக் கும்பல் ஏய்க்கும் கதை. கதையைவிட அதன் வேகம்தான் எனக்குப் பிடிக்கும். கௌபாயாக வரும் போரிஸ் பார்னெட்டும், மோசடிக்காரராக வரும் புடோவ்கினும் பிற்பாடு பெரிய இயக்குநர்கள் ஆனார்கள். ஆச்சரியமில்லை. கத்தரி எங்கே விழும் என்று தெரிந்தே நடிக்கிறார்கள்: ஒரு வீண் அசைவு கிடையாது.