தலைமுறைப் பெண்களும் சிறு நாடகக் குழுக்களும்

திருவள்ளூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, ஆட்டத்தின் உயிர் ஒரு பெண்ணின் துயரம்தான். துகிலுரிதலும் விரித்த கூந்தலும் இல்லாமல் அங்கே பாரதம் இல்லை. ஆனால் அந்த வேடத்தைக் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண். பாட்டும் அடவும் வாத்தியாரிடமிருந்து சீடனுக்கும் அப்பனிடமிருந்து மகனுக்கும் போய்ச் சேர்கின்றன. பெண்களோ விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்கள். தலைமுறைப் பெண்களைப் பற்றி நாடகம் போட வருகிற எந்தக் குழுவும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கதையில் பாட்டி, தாய், மகள் என்று மூவரை நிறுத்தினால் போதாது. ஆட்டமே பெண்கள் கையில் தலைமுறை தாண்டிப் போனால்தான் அது பெண்களின் வரலாறு ஆகும்.

தமிழில் இதை விடாமல் முயன்றவர்களில் முதன்மையானவர் நாடக இயக்குநர் அ. மங்கை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் 1990களில் தொடங்கிய மௌனக்குரல் குழுவுக்காக அவர் இயக்கிய ‘பச்ச மண்ணு’, பெண் சிசுக்கொலையைப் பேசியது. கொல்லாதே என்று போதிக்காமல், பூப்பு, கல்யாணம், பிரசவம் என ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளை ஆடிக் காட்டி, அவள் எப்படிச் சுமையாக்கப்படுகிறாள் என்று கேட்டது. இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய ‘ஔவை’ இன்னும் ஆழமாகப் போனது. நம் மரபு ஔவையிடம் அறிவைக் கண்டதும் அவளை மூதாட்டியாக்கிவிட்டது. நாடகம் அவளை ஊர் ஊராகத் திரியும் இளம் பாணர் மகளாக மீட்டது. பிறகு மங்கையின் மரப்பாச்சி குழு மேடையேற்றிய ‘காலக்கனவு’, வ. கீதாவின் எழுத்தில், தமிழகப் பெண்ணியத்தின் வரலாற்றை ஆவணங்களின் வழியே சொன்னது. இம்மூன்றில் இதையே நான் முன்னால் வைப்பேன். இங்கே தலைமுறையை இணைப்பது இரத்த உறவு இல்லை. முன்னவர் எழுதியதைப் பின்னவர் வாய்விட்டுச் சொல்லும்போது வாரிசுரிமை உண்டாகிறது.

ஆவணத்தை வாசிப்பது நாடகமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்து காகிதத்திலேயே நின்றால் நாடகம் ஆகாதுதான். ஆனால் தேவதாசி முறைக்கு எதிராக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் நாவலே எழுதினார் என்பதைப் பாடநூலில் படிப்பது வேறு, அந்தக் கோபத்தை எதிரே நிற்கும் ஒரு பெண்ணின் குரலில் கேட்பது வேறு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தி நூறாண்டுக்கு மேலாகிறதே, இதில் புதுமை என்ன என்பது இன்னொரு வாதம். அவருடைய சாதனை பெரிது. அவருக்குப் பின் அந்தக் கம்பெனி தொடராமல் போனதுதான் என் வாதத்துக்குச் சான்று. பெண்வேடம் கட்டும் ஆண் கலைஞர்களின் உழைப்பையும் அவர்கள் படும் ஏளனத்தையும் மறக்கச் சொல்லவில்லை; 2024இல் வந்த ‘ஜமா’ திரைப்படம் அதைக் கண்முன் நிறுத்தியது. அவர்கள் இடம் பறிபோகாமலே பெண்களுக்கும் இடம் உண்டு என்பதற்குக் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் சான்று. அங்கே சிறுமிகளும் ஆட்டம் பயின்று வேடம் கட்டினார்கள்.

இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிக்கு இந்த நாடகங்கள் ஏன் வர வேண்டும்? அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்யும் பெண்ணால் இரவு முழுக்கக் கூத்துப் பார்க்க முடியாது. தாயை ஊரில் விட்டு வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவளுக்குத் தலைமுறையோடு பேச்சே அறுந்திருக்கும். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1990களில் வந்த தாய்மார்களின் பேத்திகள் அங்கே வளர்கிறார்கள். பெரிய அரங்கும் விளக்கும் கேட்காத, ஐந்தாறு பேர் ஒரு வேனில் வந்து இறங்கி ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கும் சிறு குழுவால்தான் இந்தப் பெண்களிடம் போய்ச் சேர முடியும். பணமில்லாமையால் வந்த சிறிய அளவே இங்கே வசதியாகிறது. அதற்காக அந்த வறுமையைப் புகழ வேண்டியதில்லை, நடிக்கிறவருக்குக் கூலி வேண்டும். தொழிற்சங்கங்களும் கல்லூரிகளும் ஆலை நிர்வாகங்களும் ஷிப்டு முடியும் நேரத்தில் ஒரு கூடத்தைத் திறந்துவிடட்டும். குழுக்கள் அங்கே ஆடிவிட்டுத் திரும்பாமல், பார்க்க வந்த பெண்களில் சிலருக்காவது ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.