இல்லும் ஆலும்

வேலையில் இறந்தான், வேலையால் இறந்தான். இவ்விரு வாக்கியங்களுக்குமுள்ள பேதம் ஓர் உருபு மாத்திரமே. தமிழ் வாத்தியார் ஐந்து நிமிஷத்தில் இதனை விளக்கிவிடுவார். சட்டப் புத்தகத்திலோ இவ்வுருபுகளுக்கு நூறாண்டுகளுக்கு மேலாக வியாக்கியானம் நடக்கின்றது. அதன் பலனுக்குக் காத்திருப்பவர்கள் செத்தவனின் வீட்டார். ஆகவே அவ்வாசகத்தை, ஒரு செய்யுளைப் பரிசோதிப்பது போலவே, இங்கே பரிசோதிக்கத் துணிந்தோம்.

1897-ம் வருஷம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. முதலாளியின் தப்பிதத்தை ருசுப்பிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு உண்டு என்பது அதன் சாரம். அவ்வாசகமே 1923-ல் இந்தியாவுக்கு வந்தது; மலாயாவின் 1952-ம் வருஷத்துச் சட்டத்திலும் இடம்பெற்றது. சிங்கப்பூரின் 2019-ம் வருஷத்துச் சட்டத்திலும் இருக்கின்றது. ‘அல்லது’ என்று நின்றிருக்கலாகாதா? ‘உம்’ என்று நின்றதே வினையாயிற்று. சாரத்திலிருந்து விழுந்து மாண்டவன் விஷயத்தில் தகராறு குறைவு. அதே சாரத்தின்மேல் மார்பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் சாய்ந்தானானால், இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ‘இல்’ உருபை ஒப்புக்கொண்டு ‘ஆல்’ உருபை மறுக்கின்றார். வேலையில்தான் இறந்தான், ஆயின் நோயால் இறந்தான் என்பது அவர் வாதம்.

1910-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின்முன் இத்தகைய வழக்கொன்று வந்தது. இரத்தக்குழாய் வீங்கிப்போயிருந்த ஒரு தொழிலாளி, ஸ்பானரால் நட்டை முடுக்கும்போது அக்குழாய் கிழிந்து இறந்தான். அவ்வளவு முற்றிய நோயாளி தூக்கத்திலும் இறந்திருக்கக்கூடும் என்று வைத்தியம் சொல்லிற்று. ஐந்து நியாயாதிபதிகளில் மூவர் அதை விபத்தென்றனர், இருவர் மறுத்தனர். ஒரு தலை மறுபக்கம் அசைந்திருந்தால் அக்குடும்பத்துக்கு ஒரு காசுமில்லை!

நம் நன்னூலாரைக் கேட்டால் என்ன சொல்வார்? ‘இல்’ ஏழாம் வேற்றுமையில் இடத்தைக் காட்டும். ஐந்தாம் வேற்றுமையிலோ அதே ‘இல்’ ஏதுப் பொருளையும் தரும் என்பார். வேலையில் இறந்தான் என்றால் வேலையே ஏது என்று கொள்ளவும் இலக்கணம் இடந்தருகின்றது. வேடிக்கை என்னவெனில், சிங்கப்பூர்ச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்லுகின்றது. வேலையின்போது நேர்ந்த விபத்து, மாறான சாட்சியம் இல்லாதவரையில், வேலையின் காரணமாக நேர்ந்ததாகவே எண்ணப்படும். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் அந்த ‘மாறான சாட்சியம்’ யாரிடத்தில் இருக்கும்? கம்பெனிக்கு வைத்திய நிபுணரின் அறிக்கை பெறப் பணமுண்டு. மனைவியோ கடலுக்கப்பால் ஒரு கிராமத்தில் இருக்கின்றாள். உடன் நின்று பார்த்தவனுக்கு அதே முதலாளியிடம் நாளைக்கும் வேலை வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்படாதவன் இறந்தால், சட்டத்தின் உச்ச வரம்புக்கும் கீழ் வரம்புக்கும் உட்பட்டு, 136 மாதச் சம்பளம் கணக்கு. அத்தனை மாதச் சோறும் ஓர் உருபில் தொங்குகின்றது.

மலேசியாவில் இப்பொறுப்பு கம்பெனிகளிடமன்றி, 1969-ம் வருஷத்துச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்பு நிதியிடம் இருக்கின்றது. 2019 ஜனவரி முதல் அந்நிய நாட்டுத் தொழிலாளரும் அதில் சேர்க்கப்பட்டனர். லாபம் தேடாத நிதியானபடியால் நாம் ஆவலோடு அச்சட்டத்தைப் புரட்டினோம். அங்கும் அந்த ‘உம்’ இருக்கக் கண்டோம்.